பள்ளிக்கூடக் கேலியும் நம் வீட்டுப் பட்டப்பெயர்களும்

செய்யூர் பகுதியில் நாம் மக்தப் நடத்தும் பள்ளிவாசலுக்கு ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். "ஹஜரத், இவனுக்குக் கொஞ்சம் ஓதிப் பார்க்கணும். திங்கட்கிழமை ஆனா வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்கிறான். மதுராந்தகம் வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லைங்கிறாங்க. யாரோ கண்ணு வச்சுட்டாங்க போல" என்றார்.

பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நன்றாகக் குர்ஆன் ஓதக்கூடிய பிள்ளை. ஓதி துஆ செய்தோம். பிறகு தாயைச் சற்று நேரம் வெளித் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, அவனிடம் தனியாகப் பேசினோம். வாய் திறக்கவே அரைமணி நேரம் ஆனது.

வகுப்பில் அவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லையாம். அவனுடைய நிறத்தையும் பல்லையும் சேர்த்து ஒரு பட்டப்பெயர். வருகைப்பதிவின்போது ஆசிரியர் அவன் பெயரை வாசித்தால், பின் பெஞ்சிலிருந்து அந்தப் பட்டப்பெயர் வரும். வகுப்பே சிரிக்கும். ஒருமுறை ஆசிரியரும் சிரித்துவிட்டாராம். அன்றிலிருந்து அவன் கை தூக்கிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். வாட்ஸ்அப் குழுவில் அவன் முகத்தையே ஸ்டிக்கராக்கி விட்டிருக்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனில் அது ஓடும். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கும்.

அந்தப் பெயரை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. "முதல்ல யாரு தம்பி உன்னை அப்படிக் கூப்பிட்டது?" என்று கேட்டோம். வகுப்பில் முரடனாகத் திரியும் யாரோ ஒரு பையனின் பெயரைச் சொல்வான் என்று எதிர்பார்த்தோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க பெரியத்தா" என்றான்.

ஒரு பெருநாள் அன்று, வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, பாசமாகத்தான், பெரியத்தா அப்படி அழைத்திருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதே பள்ளியில் படிக்கும் பெரியத்தா மகன் அந்தப் பெயரைப் பேருந்தில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டான்.

இன்று பள்ளிகளில் நடக்கும் வாய்க்கொடுமையைப் பற்றி நாடெங்கும் பேசப்படுகிறது. அறிக்கைகள் வருகின்றன, நீதிமன்றத் தீர்ப்புகள் வருகின்றன. அவற்றையெல்லாம் படிக்கும்போது அந்தப் பையன் சொன்ன அந்த இரண்டு சொற்கள் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அரிவாளுக்கு முன்னால் வந்த சொற்கள்

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வள்ளியூரில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பட்டியல் சமூக மாணவர் ஒருவரை, அவருடன் அதே பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதைக் கண்ட அதிர்ச்சியில் உறவினரான முதியவர் ஒருவர் உயிரிழந்தார்.

அன்றைய செய்திகளில் அரிவாள்தான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அரிவாளுக்கு முன்னால் பல நாட்கள் சொற்கள் வந்திருந்தன. அந்த மாணவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினார்கள், ஏவல் வேலை செய்ய வைத்தார்கள், மிரட்டினார்கள். அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எழுத்துமூலம் புகார் தரப்பட்டது. அன்றிரவே அரிவாள் வந்தது.

ஒரு பிள்ளை காரணம் சொல்லாமல் பள்ளிக்குப் போக மறுப்பது அந்தப் பிள்ளை கொடுக்கும் முதல் வாக்குமூலம். நாங்குநேரியில் அது நடந்தது. நம் செய்யூர்ப் பையனின் திங்கட்கிழமை வயிற்று வலியும் அதுதான். நாம் அதைச் சோம்பல் என்கிறோம், கண்ணேறு என்கிறோம், படிப்பில் நாட்டமில்லை என்கிறோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட அவரது அறிக்கை 2024 ஜூன் 18 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலினிடம் அளிக்கப்பட்டது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயரை நீக்குவது, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டிவருவதைத் தடுப்பது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைப்பது, மாணவரின் சாதி விவரம் வருகைப் பதிவேட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்வது, பெரிய பள்ளிகளில் மாணவர் நலன் காக்கத் தனி அலுவலரை நியமிப்பது என்று பல பரிந்துரைகள் அதில் உள்ளன.

இந்தப் பரிந்துரைகளில் பல, சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். கையில் ஒரு கயிறு, பதிவேட்டில் ஒரு கட்டம், பெஞ்சில் ஓர் இடம். ஒரு பிள்ளையைத் தனியாகப் பிரித்துக் காட்டும் அடையாளம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அது கொடுமைக்குக் கைப்பிடியாகிவிடும் என்பதை நீதிபதி அறிந்திருக்கிறார். பட்டப்பெயரும் அப்படி ஒரு கயிறுதான். கையில் கட்டிய கயிற்றைக் கழற்றலாம். பெயரைக் கழற்ற முடியாது.

வெட்டுப்பட்ட அந்த மாணவர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை பெற்று, மறுவருடமே பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அவரது மன உறுதிக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அப்படி எழுந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வயதில் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

"நாங்களும் படிச்ச காலத்துல கிண்டல் பண்ணினாங்க. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேட்பவர்கள் நன்றாக யோசித்துப் பார்க்கட்டும். ஐம்பது வயதிலும் அந்தப் பெயரைச் சொன்னவன் யார், எந்த வகுப்பு, எந்த மூலை என்று அவர்களுக்கு நினைவிருக்கும். மறந்துபோன ஒன்று இத்தனை துல்லியமாக நினைவில் இருக்காது.

யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையின்படி, ஏறக்குறைய மூன்று மாணவர்களில் ஒருவர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களால் ஒருமுறையேனும் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார். அதற்குப் பிள்ளைகள் சொன்ன காரணங்களில் முதலிடம் உடல் தோற்றத்துக்கு. அடுத்த இடம் இனம், தேசம், நிறம். குண்டு, ஒல்லி, குள்ளம், கறுப்பு, தெற்றுப்பல், கண்ணாடி, திக்குவாய் என்று நம் தெருவில் கேட்கும் அதே பட்டியல்தான் உலகம் முழுவதும் இருக்கிறது.

பட்டப் படிப்பில் சமூகவியல் பாடத்தில் நாம் படித்த ஒரு கருத்து இங்கே உதவும். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் எழுதினார்: மனிதன் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம், பிறர் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவன் நினைக்கிறானோ அதிலிருந்து உருவாகிறது. பிறர் முகம்தான் அவனுக்குக் கண்ணாடி. சிறு வயதில் அந்தக் கண்ணாடி அத்தாவும் அம்மாவும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கண்ணாடி கைமாறுகிறது. அது வகுப்புத் தோழர்களிடம் போய்விடுகிறது. உடல் மாறும், குரல் உடையும், முகத்தில் பரு வரும். தன் உடல் தனக்கே புதிதாக இருக்கும் அந்தச் சமயத்தில், நாற்பது பேர் சேர்ந்து ஒரு சொல்லைத் தினமும் சொன்னால், பிள்ளை அதைக் கேலியாகக் கேட்பதில்லை. தன்னைப் பற்றிய தகவலாகவே எடுத்துக்கொள்கிறது.

முஃமினுக்கு முஃமினைக் கண்ணாடியாக உவமித்த நபிமொழியை நாம் பயானில் பலமுறை சொல்கிறோம். கண்ணாடி குறையைக் காட்டினால் பார்ப்பவருக்கு மட்டுமே காட்டும், ஊரைக் கூட்டிக் காட்டாது என்று விளக்கமும் சொல்வோம். அந்த விளக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் பிள்ளைகள் மீது எறியப்படும் சொல்

முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் சேர்ந்துகொள்கிறது. எங்கோ ஒரு குண்டு வெடித்தால், இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடினால், மறுநாள் வகுப்பில் நம் பிள்ளையைப் பார்த்து ஒரு கேள்வி வரும். விளையாட்டாகத்தான் வரும். "சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்டா" என்று முடியும். எழுத்தாளர் நாஸியா எரும், 12 நகரங்களில் 145 முஸ்லிம் குடும்பங்களைச் சந்தித்து 2018இல் ஒரு நூல் வெளியிட்டார். நாட்டின் பெரிய பெரிய தனியார் பள்ளிகளில் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளே மதத்தின் பெயரால் கேலி செய்யப்படுவதை அது பதிவுசெய்தது. பணமும் ஆங்கிலமும் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

2022 நவம்பரில் கர்நாடக மாநிலம் மணிப்பாலில் ஒரு பொறியியல் கல்லூரி வகுப்பறையில், பேராசிரியர் ஒருவர் முஸ்லிம் மாணவரை மும்பைத் தாக்குதல் பயங்கரவாதியின் பெயரால் அழைத்தார். அந்த மாணவர் எழுந்து நின்று, இது வேடிக்கை அல்ல என்று நிதானமாகத் தட்டிக்கேட்ட காணொளி நாடெங்கும் பரவியது. கையை ஓங்கவில்லை, தரம் தாழ்ந்து பேசவில்லை, பணிந்தும் போகவில்லை. பேராசிரியர் மன்னிப்புக் கேட்டார். நிர்வாகம் அவரை வகுப்பெடுப்பதிலிருந்து விலக்கி வைத்தது. அந்த நிதானம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பெற்றோர்கள் யோசிக்க வேண்டும். தன் மதிப்பு என்ன என்று வீட்டில் தெரிந்துகொண்ட பிள்ளையால் மட்டுமே வகுப்பில் அப்படி நிற்க முடியும்.

2023 ஆகஸ்டில், உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டத்தில் குப்பாப்பூர் கிராமத்துத் தனியார் பள்ளி ஒன்றில், ஆசிரியை ஒருவர் ஒரு முஸ்லிம் சிறுவனைச் சக மாணவர்களைக் கொண்டு வரிசையாக அறைய வைத்தார். துஷார் காந்தி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. மாநில அரசைக் கடுமையாகக் கண்டித்தது. அத்தோடு நிற்காமல், அடிவாங்கிய சிறுவனுக்கும், அவனை அடிக்க வைக்கப்பட்ட மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே மனநல ஆலோசனை தரப்பட வேண்டும் என்றது.

இந்த இரண்டாவது பகுதி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அடித்த பிள்ளையும் காயப்பட்ட பிள்ளைதான் என்று நீதிமன்றம் பார்த்தது. அப்படியானால், கேலி செய்யும் பிள்ளையை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்? அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

நம் பிள்ளைகள் எறியும் சொல்

இந்தக் கேள்வியை நாமாக எழுப்பிக்கொள்ளவில்லை. ஓர் ஆசிரியர் நம்மிடம் எழுப்பினார்.

மேலே சொன்ன பையனின் விஷயமாக அவனுடைய அத்தாவோடு பள்ளிக்குச் சென்றிருந்தோம். நடந்ததைச் சொன்னோம். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கண்டிப்பதாகவும் வாக்களித்தார். பிறகு சற்றுத் தயங்கி, "பாய், நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். உங்க மதரசாவுக்கு வர்ற ரெண்டு பசங்க, கடற்கரைக் குப்பத்திலிருந்து வர்ற ஒரு பையன் பக்கத்துல உட்கார மாட்டேங்கிறாங்க. மீன் நாத்தம் அடிக்குதுன்னு மூக்கைப் பொத்திக் காட்டுறாங்க. அந்தப் பையன் ரெண்டு வாரமா மதிய சாப்பாட்டை வராந்தாவுல தனியா உட்கார்ந்து சாப்பிடுறான்" என்றார்.

நமக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. புகார் சொல்ல வந்தவர்கள் குனிந்த தலையோடு நின்றோம்.

செய்யூர் வட்டம் எப்படிப்பட்டது என்று இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மீனவக் குப்பங்கள். இடையில் உப்பளங்கள். உள்ளே வந்தால் ஏரிப் பாசனமும் வயலும். சட்டமன்றத் தொகுதியே தனித்தொகுதி. மீனவர் பிள்ளை, உப்பளத் தொழிலாளி பிள்ளை, விவசாயக் கூலி பிள்ளை, கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பிள்ளை எல்லாரும் ஒரே பேருந்தில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையைக் காட்டி, ஒரு காலத்தில் இது ஆற்காடு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்று நம் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். நவாபும் போய்விட்டார், கோட்டையும் இடிந்துவிட்டது. பக்கத்தில் உட்காரும் மீனவர் மகனின் மனது இடிவதற்கு நாம் காரணமாகிவிடக் கூடாது.

பாதிக்கப்பட்ட சமூகம் என்பதால் நம் பிள்ளைகள் பிறரைப் பாதிக்கச் செய்ய மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை நமக்குள் இருக்கிறது. அது தவறு. கேலிக்கு ஆளாகும் பிள்ளை, தன்னைவிட எளியவன் ஒருவன் கிடைத்தால் அந்தக் கேலியை அவன்மீது இறக்கிவைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மதத்தால் குத்தப்படும் பிள்ளை நிறத்தால் குத்துகிறான். நிறத்தால் குத்தப்படும் பிள்ளை மீன் வாடையால் குத்துகிறான்.

பெயர்கள் பிறக்கும் இடம்

நம் ஊர்களில் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் குறைவு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் மஹல்லாவில் அடையாளத்துக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அப்பன் செய்த தொழில், வீடு இருந்த மூலை என்று அது பெரும்பாலும் குற்றமில்லாமல் இருந்தது. ஆனால் நொண்டி, கூனன், கறுப்பி என்று ஒட்டிக்கொண்ட பெயர்களும் ஏராளம். மய்யித்து அறிவிப்பில்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று ஊருக்குத் தெரியும் என்ற நிலையை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு மனிதர் எழுபது வருடம் வாழ்ந்து முடித்த பிறகும் அவருடைய கால் ஊனம்தான் அவர் பெயராக இருக்கிறது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. பெண் பிறந்த நாளிலிருந்து நிறம் பேசப்படுகிறது. "மூத்தவ நல்ல கலரு, இளையவ கொஞ்சம் கம்மி" என்று அவள் காதுபடவே சொல்கிறோம். பெண் பார்க்க வருபவர்கள் சொல்லிவிட்டுப் போகும் சொற்களை அந்த வீட்டின் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். 1975 முதல் இந்தியாவில் விற்கப்பட்ட ஒரு பிரபலச் சிவப்பழகு கிரீம், உலகெங்கும் எழுந்த விமர்சனத்துக்குப் பிறகு 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. லாபத்துக்காக நடக்கும் ஒரு நிறுவனமே அந்தச் சொல்லைக் கைவிட்ட பிறகும் நம் கல்யாணப் பேச்சு அதைக் கைவிடவில்லை.

மதரசாக்களையும் விட்டுவிட முடியாது. நாம் ஓதிய காலத்தில் மாணவர்களுக்கு உஸ்தாதுமார்களே பெயர் வைத்ததுண்டு. நமக்கும் ஒன்று இருந்தது. அதே வழியில் நாமும் நம்மிடம் ஓதிய பிள்ளைகள் சிலரை அப்படி அழைத்திருக்கிறோம். அன்பாகத்தான் அழைத்தோம் என்று இன்று சொல்லலாம். அந்தப் பையனின் பெரியத்தாவும் அதையேதான் சொன்னார். அழைத்தவரின் அன்பு அழைக்கப்பட்டவரின் காயத்துக்கு மருந்தாகாது. நம்மிடம் ஓதிய அந்தப் பிள்ளைகளில் இருவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர் சிரிக்கவில்லை.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆவது வசனம் மூன்று செயல்களைத் தடை செய்கிறது. பிறரைப் பரிகசிப்பது, குத்திக்காட்டிக் குறை சொல்வது, பட்டப்பெயர் சூட்டி அழைப்பது. ஆண்களுக்குச் சொன்ன பிறகு பெண்களுக்கும் தனியாக அதே எச்சரிக்கை சொல்லப்படுகிறது. குறை சொல்வதைத் தடுக்கும் இடத்தில், 'பிறரை' என்று சொல்லாமல் 'உங்களையே' என்ற பொருள்படும் சொல்லை அல்லாஹ் பயன்படுத்துகிறான். அடுத்தவனைக் குத்துபவன் தன்னையே குத்திக்கொள்கிறான் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கினார்கள்.

இந்த வசனம் இறங்கிய பின்னணியும் கவனிக்கத்தக்கது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது பனூ ஸலிமா கூட்டத்தாரில் பலருக்கு இரண்டு, மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைச் சொல்லி நபியவர்கள் ஒருவரை அழைத்தால், அந்தப் பெயர் அவருக்குக் கோபமூட்டும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அந்தச் சூழலில்தான் பட்டப்பெயர் பற்றிய கட்டளை இறங்கியது என்று அபூதாவூத், திர்மிதீ நூல்களில் அறிவிப்பு உள்ளது. அளவுகோல் இங்கே தெளிவாக இருக்கிறது. அழைக்கப்படுபவருக்கு அந்தப் பெயர் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. அழைப்பவரின் எண்ணம் கேட்கப்படவில்லை.

"ஹதீஸ் அறிவிப்பாளர்களிலேயே அஃமஷ், அஃரஜ் என்று இருக்கிறார்களே ஹஜரத்?" என்று மக்தப் மாணவர்களே கேட்பார்கள். அஃமஷ் என்றால் பார்வை மங்கியவர், அஃரஜ் என்றால் கால் ஊனமுற்றவர். இமாம் நவவீ இதற்குப் பதில் தந்திருக்கிறார். அந்தப் பெயரைத் தவிர வேறு வழியில் அடையாளம் காட்ட முடியாதபோது, இழிவுபடுத்தும் நோக்கமில்லாமல் சொல்ல மட்டுமே அனுமதி. வேறு வழி இருந்தால் அதுவே சிறந்தது. இழிவாகச் சொல்வது ஹராம். வகுப்பறைப் பட்டப்பெயருக்கு இதில் இடமில்லை.

உருவக்கேலிக்கு நபியவர்கள் முகம்கொடுத்த விதம் ஒன்று உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சிக்காக மரத்தில் ஏறினார்கள். காற்றில் ஆடை விலகி அவர்களின் மெலிந்த கால்கள் தெரிந்தன. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நபியவர்கள் கேட்டுவிட்டு, அந்தக் கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று கூறினார்கள் என்பது முஸ்னத் அஹ்மதில் உள்ள செய்தி. சிரித்தவர்களை வாயடைத்ததோடு, சிரிக்கப்பட்ட அதே கால்களுக்கே கண்ணியம் கிடைத்தது.

இன்னொன்று அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் சம்பவம். யூதரின் மகள் என்று ஹஃப்ஸா (ரலி) அவர்கள் தம்மைச் சொன்னதாகக் கேள்விப்பட்டு ஸஃபிய்யா அழுதுகொண்டிருந்தார்கள். நபியவர்கள் உள்ளே வந்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டார்கள். சொன்னதைக் கேட்டார்கள். பிறகு, நீ ஒரு நபியின் வழித்தோன்றல், உன் சிறிய தந்தை முறையானவரும் ஒரு நபி, நீ வாழ்க்கைப்பட்டிருப்பதும் ஒரு நபியிடம், எதை வைத்து உன்னைவிட அவர் பெருமை பாராட்ட முடியும் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். அதன்பின் ஹஃப்ஸாவிடம் அல்லாஹ்வை அஞ்சும்படி கூறினார்கள். திர்மிதீயில் இது பதிவாகியுள்ளது.

ஒரு பெற்றோர் செய்ய வேண்டியது முழுவதும் இதில் வரிசையாக இருக்கிறது. முதலில் கேட்டார்கள். அடுத்து, எந்த அடையாளம் இழிவாகச் சொல்லப்பட்டதோ அந்த வம்சத்தையே பெருமையாக எடுத்துக் காட்டினார்கள். மூன்றாவதாக, சொன்னவரைக் கண்டித்தார்கள். சொன்னவரும் தம் வீட்டவர்தான் என்பதற்காக விட்டுவிடவில்லை. 'இதெல்லாம் ஒரு விஷயமா, கண்டுக்காம விடு' என்று அழுதவரிடம் சொல்லவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டிலிருந்து தொடங்குவோம். உடலை வைத்தோ நிறத்தை வைத்தோ ஒரு பெயர் வீட்டில் புழங்கினால் இன்றோடு நிறுத்திவிட வேண்டும். அதைத் தொடங்கி வைத்த பெரியவரே பிள்ளையிடம் 'இனி சொல்ல மாட்டேன்' என்று சொல்ல வேண்டும். பெரியவர் இறங்கி வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது வாழ்நாள் பாடம்.

பிள்ளையிடம் 'பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லை' என்றுதான் பதில் வரும். 'இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே? மதியம் யாரோட சாப்பிட்டே?' என்று கேளுங்கள். தனிமை அங்கே தெரிந்துவிடும். அதோடு 'உங்க வகுப்புல தனியா உட்கார்ந்திருக்கிற பிள்ளை யாரு?' என்றும் கேளுங்கள். நம் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது அப்போது தெரியும்.

திருப்பி அடி என்று சொல்லாதீர்கள். சகித்துக்கொள் என்றும் சொல்லாதீர்கள். 'என் பேரு இது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்' என்று நிதானமாகச் சொல்ல வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் அது பிள்ளையின் வேலை அல்ல, நம் வேலை.

பள்ளிக்குப் போகும்போது கோபத்தோடு போகாமல் எழுத்தோடு போங்கள். தேதி, சொல்லப்பட்ட வார்த்தை, பார்த்தவர்கள், வாட்ஸ்அப் படத்தின் நகல் ஆகியவற்றோடு தலைமையாசிரியரிடம் மனுக் கொடுங்கள். புகார் கொடுத்த பிறகு பிள்ளையின் பாதுகாப்பு பற்றியும் கேளுங்கள். நாங்குநேரி அதைத்தான் கற்றுத் தந்தது. ஆசிரியரே மாணவரை மனத்தளவில் துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் தடை செய்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098. தமிழகக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்த இரண்டு எண்களும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

அதே சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் தாய்மார்கள் அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வண்ணக் கயிறு, பட்டப்பெயர், தனியாக உட்கார வைப்பது போன்றவற்றைப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நம் பிள்ளைக்காக மட்டும் அங்கே பேசாமல், குப்பத்துப் பிள்ளைக்காகவும் நாம் பேசினால், நாளை நம் பிள்ளைக்காக அவர்கள் பேசுவார்கள்.

இமாம்களும் உஸ்தாதுமார்களும் மக்தபில் ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளையையும் அத்தாவும் அம்மாவும் வைத்த முழுப் பெயரால் மட்டுமே அழைப்பது. பொருளுள்ள அழகிய பெயரைத் தேடி, அகீகா கொடுத்து வைத்த பெயர்கள் அவை.

பள்ளியில் அந்த ஆசிரியர் சொன்ன இரண்டு பிள்ளைகளையும் நாம் அழைத்துப் பேசினோம். அடிக்கவில்லை. ஸஃபிய்யா (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொன்னோம். ஒருவன் அழுதுவிட்டான். 'என்னை அவங்க வேற பேரு சொல்லித்தானே கூப்பிடுறாங்க' என்றான். அடுத்த வாரம் இருவரும் வராந்தாவுக்குத் தங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஆசிரியர் தகவல் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. தொடர்ந்து கவனித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

வயிற்று வலிப் பையனின் பெரியத்தா, ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அவனைப் பள்ளிவாசல் வாசலில் நிறுத்தி, அவனுடைய முழுப் பெயரைச் சொல்லி அழைத்து முஸாபஹா செய்தார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் உடனே விடவில்லை. வகுப்பில் அந்தப் பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் அவன் பேருந்தில் ஏறிவிடுகிறான்.

நம் நாவுகளிலிருந்து நம் பிள்ளைகளையும், நம் பிள்ளைகளின் நாவுகளிலிருந்து பிறர் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.